25 நொடிப் பேச்சில் மனச்சோர்வு தெரியுமா? குரல் பரிசோதனைக் கருவிகள் குறித்த மதிப்புரை

கைப்பேசியில் அரை நிமிடம் பேசினால் போதும், பேசியவருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடுமா என்பதைக் குரலைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று கூறும் சேவைகள் கடந்த சில ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள சோண்டே ஹெல்த், கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கப்பட்ட கின்ட்சுகி, சான்பிரான்சிஸ்கோவின் எல்லிப்சிஸ் ஹெல்த் ஆகியவை இத்துறையில் அதிகம் பேசப்பட்ட பெயர்கள். இத்தகைய மென்பொருள்களில் பல, தனிநபரைக் காட்டிலும் காப்பீட்டு நிறுவனங்கள், தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனை மையங்கள், ஊழியர் நலத்திட்டம் நடத்தும் அலுவலகங்கள் ஆகியவற்றை வாடிக்கையாளர்களாகக் கொண்டவை. ஆகவே நம்மில் பெரும்பாலோர் இவற்றைக் கடையில் விலை கொடுத்து வாங்கப் போவதில்லை. வேறு யாரோ வாங்கி நம் கைப்பேசிக்கு அனுப்பி வைப்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஒரு செயலி வந்து சேர்ந்தது.

அந்தச் செயலியின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அதில் நான் கண்ட குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல, அந்தத் தொழில்நுட்பம் முழுவதற்கும் உரியவை என்பதே காரணம். சில வாரங்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்ததோடு, இத்துறையில் வெளியான ஆய்வுகளில் பொதுவெளியில் படிக்கக் கிடைப்பவற்றையும் சேர்த்து வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். செயலி தரும் அனுபவத்தை மட்டும் வைத்து ஒரு மருத்துவக் கருவியை எடைபோடுவது முறையாகாது. எண்களை மட்டும் வைத்து எடைபோட்டால், அதை அன்றாடம் பயன்படுத்துபவரின் நிலை தெரியாமல் போய்விடும்.

பயன்பாட்டு எளிமையில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். திறந்ததும் ஒலிவாங்கிக்கு அனுமதி கேட்கிறது. உங்கள் நாள் எப்படிப் போயிற்று என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வருகிறது. பேசத் தொடங்கியதும் திரையில் ஒரு வட்டம் மெல்ல நிரம்புகிறது. நிரம்பி முடிந்த சில நொடிகளில் முடிவு வந்துவிடுகிறது. இயல்பு, கவனம் தேவை, தெளிவில்லை என்ற மூன்றில் ஒன்றாகவே முடிவு இருக்கும். அதன் கீழே, இது நோயறிதல் அன்று என்ற எச்சரிக்கை சிறிய எழுத்தில் இருக்கிறது. படிவம் நிரப்பும் அலுப்பு இல்லை. உங்களைப் பற்றிய கூச்சமான கேள்விகளும் இல்லை. நாள் எப்படிப் போயிற்று என்ற கேள்வி நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றே நினைக்கிறேன். எழுதி வைத்ததைப் படிக்கச் சொன்னால் குரல் ஒரு வாசிப்புத் தோரணைக்குப் போய்விடும். வருத்தமான எதையாவது நினைவுகூரச் சொன்னால் எவர் குரலும் தாழும். நாளைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இயல்பான பேச்சே வருகிறது.

குரலில் மனச்சோர்வு தெரியும் என்ற கருத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்லின், மனச்சோர்வுற்ற நோயாளிகள் தாழ்ந்த குரலில், மெதுவாக, தயங்கித் தயங்கி, ஏற்ற இறக்கமின்றிப் பேசுவதையும், சிலர் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே பேச்சை நிறுத்திவிடுவதையும் குறித்து வைத்திருக்கிறார். அனுபவமுள்ள மனநல மருத்துவர் இன்றும் நோயாளி உள்ளே வந்து உட்கார்ந்து முதல் பதிலைச் சொல்லும்போதே இதைக் கவனித்துவிடுவார். மனச்சோர்வில் உடல் இயக்கமும் சிந்தனை ஓட்டமும் மந்தமாகும். பேச்சு என்பது மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு ஆகியவற்றின் நுணுக்கமான கூட்டு இயக்கம் என்பதால் அந்த மந்தம் அதிலும் படிகிறது. பதில் தொடங்குவதற்கு முன்பான மௌனம் நீள்கிறது, சொற்களுக்கிடையே இடைவெளி கூடுகிறது, சுருதியின் ஏற்ற இறக்கம் சுருங்குகிறது, உயிரெழுத்துகள் அவற்றின் முழு வடிவத்துக்கு விரியாமல் மங்குகின்றன.

மென்பொருள் அளப்பது இவற்றைத்தான், ஆனால் காதுக்கு எட்டாத நுண்மையில். வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும் பெண்ணின் குரல்நாண்கள் 200 முறைக்கு மேலும் அதிர்கின்றன. அடுத்தடுத்த இரண்டு அதிர்வுகளின் கால அளவில் உள்ள சிறு வேறுபாட்டை ஜிட்டர் என்றும், வலிமையில் உள்ள வேறுபாட்டை ஷிம்மர் என்றும் அழைக்கிறார்கள். இவற்றோடு பேச்சு வேகம், இடைநிறுத்தத்தின் நீளம், ஆற்றல் பரவல் போன்றவற்றையும் சேர்த்துக் குரல் ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு தொகுப்பில் 88 அளவைகள் உள்ளன. அண்மைக்கால மென்பொருள்கள் இப்படி மனிதர் வகுத்த அளவைகளைக் கூடத் தாண்டி, ஒலிப்பதிவை நேரடியாக நரம்பியல் வலையமைப்பிடம் கொடுத்து, வேறுபாட்டை அதுவே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றன. துல்லியம் கூடலாம். ஆனால் எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இந்தச் சேவைகளில் சில, பேசியவர் என்ன சொன்னார் என்பதைப் பார்ப்பதே இல்லை. எப்படிச் சொன்னார் என்பதை மட்டுமே பார்க்கின்றன. கின்ட்சுகி இதைத் தன் சிறப்பாகவே முன்வைத்தது. எல்லிப்சிஸ் ஹெல்த் சொற்களையும் ஒலியையும் சேர்த்துப் பார்க்கும் வழியைத் தேர்ந்தது. நான் பயன்படுத்திய செயலி முதல் வகை. துக்கமான செய்தி ஒன்றை வேண்டுமென்றே விறுவிறுப்பான குரலில் சொல்லிப் பார்த்தேன், இயல்பு என்றது. சந்தையில் காய்கறி வாங்கிய கதையை இழுத்து இழுத்து, தட்டையாகச் சொன்னேன். கவனம் தேவை என்றது. சொற்களைக் கவனிக்காததால் அந்தரங்கம் காக்கப்படுகிறது என்பது விற்பவர்களின் வாதம், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் தெளிவான, உறுதியான குரலில் சொன்னால் அந்த வாக்கியம் இந்தக் கருவியின் காதில் விழாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இனி எண்களுக்கு வருவோம். கின்ட்சுகி கருவியைப் பற்றி 2025 ஜனவரியில் குடும்ப மருத்துவத்துக்கான அமெரிக்க இதழான ஆனல்ஸ் ஆஃப் ஃபேமிலி மெடிசினில் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தம் 14,898 பேர் பங்கேற்றனர். அவர்களில் 10,442 பேரின் பேச்சைக் கொண்டு மென்பொருளுக்குப் பயிற்சி அளித்து, மீதமுள்ள 4,456 பேரிடம் சோதித்தார்கள். குறைந்தது 25 நொடிப் பேச்சு போதுமானதாகக் கொள்ளப்பட்டது. பங்கேற்றவர்கள் அதே வேளையில் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தையும் நிரப்பினார்கள். அதில் 10 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர்கள் மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களாகக் கருதப்பட்டார்கள். அப்படிக் கருதப்பட்டவர்களில் 71.3 சதவீதத்தினரைக் கருவி சரியாகக் கண்டுபிடித்தது. அவ்வாறு இல்லாதவர்களில் 73.5 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. இவ்வளவு பேரைக் கொண்டு செய்யப்பட்டு, சக ஆய்வாளர்களின் பரிசீலனையுடன் வெளிவந்தது என்பதற்காகவே இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். பல சேவைகளின் விளம்பரங்களில் இந்த அளவு வெளிப்படைத்தன்மையைக் காண முடியாது.

ஆனால் 71, 73 என்ற எண்களைப் பரீட்சை மதிப்பெண் போலப் படித்து, முதல் வகுப்பில் தேறிவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. பொதுமக்களில் 1,000 பேருக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது என்றும், அவர்களில் 100 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு இருக்கிறது என்றும் ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரில் சுமார் 71 பேரைக் கருவி பிடித்துவிடும், 29 பேரைத் தவறவிடும். மீதமுள்ள 900 பேரில் 26.5 சதவீதம், அதாவது ஏறத்தாழ 239 பேர், நோயில்லாமலேயே கவனம் தேவை என்ற முடிவைப் பெறுவார்கள். ஆக மொத்தம் 310 பேருக்கு எச்சரிக்கை போகும். அவர்களில் 71 பேருக்குத்தான் அது பொருந்தும். நான்கு எச்சரிக்கைகளில் மூன்று வெறும் பயம். மறுபக்கம், இயல்பு என்று சொல்லப்பட்ட 690 பேரில் 661 பேருக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒன்றுமில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே 100க்கு 90 சரியாகியிருக்கும் என்பதால் அதையும் பெரிய சாதனையாகச் சொல்ல முடியாது.

இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. கின்ட்சுகி கருவியும் மூன்றாவதாக ஒரு முடிவைத் தரக்கூடியது. உறுதியாகச் சொல்ல முடியாதவர்களை மேல் ஆய்வு தேவை என்று ஒதுக்கி வைக்கும். மருத்துவ நோக்கில் இது நேர்மையான நடத்தைதான். இருந்தாலும், கடினமான கேள்விகளைத் தொடாமல் விட்டுவிட்டு எழுதியவற்றுக்கு மட்டும் மதிப்பெண் கணக்கிட்டால் அந்த மதிப்பெண் உயர்ந்துதான் தெரியும். எந்த நிறுவனம் இத்தகைய சதவீதத்தைக் காட்டினாலும், தெளிவில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்களா, வெளியே இருக்கிறார்களா என்று வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. என் செயலி இந்த மூன்றாவது முடிவை மிகத் தாராளமாகவே வழங்கியது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதுதான்.

என் முக்கியமான ஆட்சேபம் இந்தச் சதவீதங்களைப் பற்றியது அன்று. இவை எதனோடு ஒப்பிடப்பட்டன என்பதைப் பற்றியது. பி.எச்.க்யூ-9 என்பது ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோன்கே ஆகியோர் உருவாக்கிய படிவம். 2001இல் வெளியான அதன் சரிபார்ப்பு ஆய்வில், மனநல வல்லுநரின் நேர்காணலோடு ஒப்பிட்டபோது, 10 மதிப்பெண் என்ற எல்லைக்கோட்டில், பெருமனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கவும் இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரை விலக்கவும் முடிந்தது. அந்தப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் கிடைக்கிறது, நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. குரல் கருவி ஒப்பிடப்பட்டது மருத்துவரின் நேர்காணலோடு அன்று, இந்தப் படிவத்தோடு. அதாவது கருவி கண்டுபிடிப்பது மனச்சோர்வை அன்று. இவர் படிவத்தை நிரப்பினால் 10 அல்லது அதற்கு மேல் போடுவாரா என்பதையே அது ஊகிக்கிறது. படிவத்தில் உள்ள பிழை ஒன்று, படிவத்தை ஊகிப்பதில் உள்ள பிழை இன்னொன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன.

அப்படியானால் படிவத்தையே கொடுத்துவிடலாமே என்று கேட்டால், விற்பனையாளர்கள் தரும் பதில், மக்கள் படிவத்தில் உண்மையை எழுதுவதில்லை, மனநோயாளி என்ற பெயர் வந்துவிடும் என்று பயந்து மறைக்கிறார்கள், குரலை மறைக்க முடியாது என்பது. கேட்கும்போது இந்த வாதம் வலுவாகத்தான் தெரிகிறது. ஆனால் மென்பொருளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே அந்தப் படிவம்தான். ஒருவர் கடும் சோர்வில் இருந்துகொண்டு, படிவத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறித்திருந்தால், அவருடைய குரல் நலமானவரின் குரல் என்ற பெயரோடுதான் பயிற்சித் தரவுக்குள் போயிருக்கும். மறைப்பவர்களைப் பிடிக்கும் என்று சொல்லப்படும் கருவி, மறைத்தவர்களின் பதில்களையே உண்மையென்று கொண்டு கற்றிருக்கிறது. இந்த முரணைத் தாண்டுவதற்கு ஒரே வழி, பயிற்சிக்கான குரல்களுக்குப் படிவத்துக்குப் பதிலாக மருத்துவரின் முறையான நேர்காணலை அடிப்படையாக வைப்பது. அதற்குச் செலவும் காலமும் பல மடங்கு கூடும் என்பதால்தான் பெரும்பாலோர் படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் ஊகம்.

படிவத்தின் ஒன்பதாவது கேள்வியையும் இங்கே குறிப்பிட வேண்டும். இறந்துபோவதே மேல் என்ற எண்ணமோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று அது நேராகக் கேட்கிறது. அதற்கு ஆம் என்ற பதில் வந்தால், மற்ற மதிப்பெண் என்னவாக இருந்தாலும், அன்றே ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். குரல் பரிசோதனையில் இதற்கு இணையான எதுவும் இல்லை. என் செயலியில் கவனம் தேவை என்று வந்தபோது கிடைத்தவை மூச்சுப் பயிற்சிக் காணொளியும் உறக்கம் பற்றிய ஒரு கட்டுரையும் மட்டுமே.

இத்தகைய மென்பொருள்கள் தவறான இடத்தில் பாடம் கற்றுக்கொள்ளும் ஆபத்து வெறும் கற்பனையன்று. இத்துறையில் அதிகம் பயன்படுத்தப்பட்ட தரவுகளில் ஒன்று, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான டெய்க்-வோஸ் தொகுப்பு. எல்லி என்ற கணினித்திரைப் பெண்ணோடு மனிதர்கள் உரையாடிய 189 நேர்காணல்கள் அதில் உள்ளன. எல்லியை வேறோர் அறையிலிருந்து ஆய்வாளர்கள் இயக்கினார்கள். மனச்சோர்வு உள்ளவர்களை நல்ல துல்லியத்தோடு பிரித்தறிந்ததாகச் சொன்ன சில மென்பொருள்கள், பங்கேற்றவரின் சொற்களை மட்டுமன்றி எல்லி கேட்ட கேள்விகளையும் எடுத்துக்கொண்டிருந்தன. மனநல வரலாற்றை விசாரிக்கும் குறிப்பிட்ட கேள்விகள் வரும் இடத்தை அடையாளமாகப் பிடித்துக்கொண்டு, அதைக் குறுக்குவழியாக அவை பயன்படுத்த முடிகிறது என்று 2024இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அது பேச்சின் எழுத்து வடிவத்தை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு. என்றாலும் குரலுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்: சோர்வுற்றவர்களின் பதிவுகள் ஒரு மருத்துவமனையின் எதிரொலி நிறைந்த அறையிலும், மற்றவர்களின் பதிவுகள் அவரவர் வீட்டிலும் எடுக்கப்பட்டிருந்தால், மென்பொருள் மனிதரை விட்டுவிட்டு அறையைக் கற்றுக்கொள்ளும்.

மொழிக்கு வருகிறேன். கின்ட்சுகி ஆய்வில் பங்கேற்றவர்கள் அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்தவர்கள். என் செயலியின் கேள்வியும் ஆங்கிலம்தான். ஆனால் எந்த மொழியில் பேசினாலும் சரி என்று அதன் உதவிப் பக்கம் உறுதி சொல்கிறது. ஒரே மாலையில் ஒரே விஷயத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசிப் பார்த்தபோது ஆங்கிலத்தில்தான் கவனம் தேவை என்ற முடிவு அடிக்கடி வந்தது. இதில் வியப்பில்லை. இரண்டாம் மொழியில் பேசுபவர் சொல்லைத் தேடுவார், இடையிடையே நிற்பார், வேகம் குறைவார், ஏற்ற இறக்கத்தில் எச்சரிக்கையாக இருப்பார். மனச்சோர்வின் அடையாளங்களாகக் கருவி தேடுபவையும் இவைதான். அலுவலகத்தில் ஆங்கிலம் பேசி வாழும் ஒருவருக்கு, அவருடைய மனநிலைக்குப் பதிலாக அவருடைய ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போடப்படும் ஆபத்து இதில் இருக்கிறது. தமிழில் பேசினால் சிக்கல் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. குறில் நெடில் வேறுபாட்டின் மீதே சொற்களின் பொருள் நிற்கும் ஒரு மொழியில் உயிரொலிகளின் நீளமும் பேச்சின் தாளமும் ஆங்கிலத்தைப் போல அமைவதில்லை. தமிழ் பேசுவோரிடம் தனியே சோதித்து எண்களை வெளியிடாதவரை எந்த மொழியும் சரி என்ற உறுதிமொழிக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

கைப்பேசியும் ஒரு பிரச்சினை. பழைய முறைத் தொலைபேசி இணைப்பில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளே கடந்து செல்லும். ஆணின் குரலின் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பது. மேல்சுருதிகளிலிருந்து அதை மீட்டெடுக்க முடியும் என்றாலும், இரைச்சல் நீக்கும் மென்பொருளும் ஒலியைச் சுருக்கும் முறைகளும் ஜிட்டர், ஷிம்மர் போன்ற நுண் அளவைகளைக் குலைத்துவிடக்கூடும். விலை குறைந்த கைப்பேசி வைத்திருப்பவருக்கும் விலை உயர்ந்தது வைத்திருப்பவருக்கும் ஒரே முடிவு வருமா என்பது வாங்குபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

உடல்நிலைகளின் குறுக்கீடு இதைவிடச் சிக்கலானது. சளி பிடித்திருந்த நாள்களில் என் முடிவுகள் சரிந்தன. விடியற்காலைக் கட்டைக்குரலுக்கும் அதே கதி. இவை தற்காலிகமானவை, பொறுத்துக்கொள்ளலாம். தைராய்டு சுரப்புக் குறைபாடு இருப்பவரின் குரல் கரகரப்பாகும், கட்டையாகும்; அதே குறைபாடு மனத்தையும் சோர்வடையச் செய்யும். பார்க்கின்சன் நோயில் குரல் தாழ்ந்து தட்டையாகும். அந்நோயாளிகளில் பலருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே வரும். இத்தகையவரிடம் கவனம் தேவை என்று கருவி சொன்னால் அது சரியான முடிவா, தவறான காரணத்தால் வந்த சரியான முடிவா, அல்லது வேறொரு நோயின் தடயமா என்பதை ஒரு மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். மருத்துவர் இருக்கும் இடத்தில் இந்தக் குழப்பம்கூடப் பயனுள்ளதே. இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு எழுதிக்கொடுப்பார். தனியாகக் கைப்பேசியோடு இருப்பவருக்கு அது வெறும் கலக்கம்.

அந்தரங்கம் குறித்து விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் செயலி அலுவலக நலத்திட்டம் வழியாக வந்தது. தனிப்பட்ட முடிவுகள் நிர்வாகத்துக்குப் போகாது, மொத்தக் கணக்கு மட்டுமே போகும் என்று அதன் நிபந்தனைகள் சொல்கின்றன. ஆனால் பத்துப் பேர் உள்ள ஒரு பிரிவில் மொத்தக் கணக்கு என்பது யாரைக் குறிக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமன்று. ஒலிப்பதிவு எத்தனை காலம் சேமிக்கப்படும், மென்பொருளைப் பயிற்றுவிக்க அது பயன்படுமா என்ற கேள்விகளுக்கு, சேவையை மேம்படுத்துவதற்குத் தேவையான காலம் வரை என்ற வழுக்கலான பதிலே கிடைத்தது. குரல் என்பது கடவுச்சொல்லைப் போல மாற்றிக்கொள்ளக்கூடியது அன்று. அமேசான் நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்தி 2023 ஜூலையோடு நிறுத்திய ஹேலோ கைப்பட்டையில் குரலின் தொனியை அளக்கும் வசதி இருந்தது. அது மனச்சோர்வுக்கானது அன்று, அதன் மீது கடும் விமர்சனங்களும் எழுந்தன. இருந்தாலும், குரல் மாதிரிகளைக் கைப்பேசிக்குள்ளேயே ஆராய்ந்து அழித்துவிடும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டையாவது இப்போதைய சேவைகள் பின்பற்றலாம்.

பணியிடத்திலும் கல்வி நிலையங்களிலும் மனிதரின் உணர்ச்சிகளை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்திருக்கிறது. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நலத்திட்டம் என்ற பெயரில் வரும் ஒரு செயலி அந்த விலக்குக்குள் வருமா என்பதில் வழக்கறிஞர்கள் வாதாடலாம். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுவோரின் தகவல்களுக்கு இரகசியக் காப்பு அளிக்கிறது. ஆனால் நான் நோயாளியும் அல்லன், செயலி தன்னை மருத்துவக் கருவி என்று அழைத்துக்கொள்ளவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் இத்தகைய வணிகம் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இதை முழுவதும் பயனற்றது என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதைப் போன்றது இது: தெர்மாமீட்டர் கையில் இருப்பவருக்குத் தேவையில்லை, ஆனால் யாருமே தொட்டுப் பார்க்காத இடத்தில் அதற்கும் ஒரு பயன் உண்டு. சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ தொலைபேசியில் தொடர்ந்து ஆலோசனை சொல்லும் செவிலியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அழைப்பிலும் மனநிலையைப் பற்றிக் கேட்க அவருக்கு நேரமிருக்காது, கேட்கவும் தோன்றாது. நோயாளியின் சம்மதத்தோடு, பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவி பின்னணியில் இயங்கி, இவரிடம் அந்த ஒன்பது கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள் என்று செவிலியருக்கு ஒரு குறிப்புத் தருமானால், நான்கில் மூன்று குறிப்புகள் வீணானாலும் இழப்பு சில நிமிடங்கள்தான். அந்தக் குறிப்பு நோயாளியின் திரையில் முடிவாக வராமல், பேசத் தெரிந்த ஒருவரின் கைக்குப் போக வேண்டும் என்பதே என் நிபந்தனை. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவரின் குரலை அவருடைய பழைய குரலோடு மட்டுமே ஒப்பிட்டு மாற்றத்தைக் கவனிப்பதும், முன்பின் தெரியாதவரின் குரலை ஊர்க் குரல்களோடு ஒப்பிடுவதைவிட நம்பத்தகுந்தது.

நம் நாட்டுச் சூழலில் கண்டுபிடிப்பது மட்டுமே தடையாக இருப்பதாகவும் தெரியவில்லை. நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, பெருமனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் கண்டது; ஒரு லட்சம் பேருக்கு முக்கால் மனநல மருத்துவர் என்பதே நாட்டின் கணக்கு. 1,000 பேரில் 310 பேருக்கு எச்சரிக்கை அனுப்பும் ஒரு கருவியை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், உண்மையில் உதவி தேவைப்படும் 71 பேர் அந்தக் கூட்டத்தின் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தனிநபர் பயன்பாட்டுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். இலவசமாகக் கிடைத்தால் ஆர்வத்துக்குப் பேசிப் பாருங்கள், ஆனால் இயல்பு என்று வந்த முடிவை நம்பி, போக நினைத்திருந்த மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் ஈடுபாடில்லாமலும் உறக்கம் கெட்டும் இருக்கிறது என்றால் பி.எச்.க்யூ-9 படிவத்தைத் தமிழில் நிரப்பி எடுத்துக்கொண்டு போவது இதைவிடப் பயன் தரும். நேரில் போகத் தயங்குபவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அலுவலகத்தில் இத்தகைய செயலி கட்டாயமாக்கப்பட்டால், ஒலிப்பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படுகிறது, மறுத்தால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு ஒலிவாங்கிக்கு அனுமதி கொடுங்கள். எனக்கு இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அனுமதியை நீக்கிவிட்டேன்.